நீலத்துக்கு அடியில் சிவப்பு

நான் கல்லுடைக்கிற வீட்டில் பிறந்தவன். ஆற்றுக்கு மேலே, காட்டைத் தாண்டின மேட்டு நிலத்தில் எங்கள் ஊர். கூரைக்குப் போடும் சிலேட்டுப் பலகை எடுக்கிற சுரங்கம்தான் ஊருக்கே சோறு போட்டது. அப்பாவின் நுரையீரல் அதில் போனது. அண்ணனின் இடது கை போனது. பதினாலு வயதில் நானும் இறங்கினேன். உளியை எங்கே வைத்தால் பாறை ஏடு ஏடாகப் பிரியும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதற்கு மேல் கல்லைப் பற்றி எனக்கு ஒரு கருத்தும் கிடையாது. கல் என்றால் தலையில் விழுவது. விழாதவரைக்கும் நல்ல கல்.

சுரங்கத்தில் ஆளைக் குறைத்தபோது எனக்கு இருபத்தேழு வயது. கீழே மோசல் ஆற்றங்கரைக்கு வந்தேன். மலைச்சரிவில் திராட்சைத் தோட்டங்களைத் தாங்கும் சுவர்கள் மழைக்கு மழை விழுந்துகொண்டே இருக்கும், கட்ட ஆள் தேவை. ஒட்டிலி என்கிற பெண்ணின் தோட்டத்துச் சுவர் முடிவதற்குள் எங்களுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. தோட்டம் அவளுடையது. நிலவறையும் பீப்பாய்களும் அவளுடையவை. முதுகு மட்டும் என்னுடையது.

ஒன்பது துண்டு நிலம், ஒன்பது திக்கில். அதில் ஆகக் கெட்டது நரித்தொண்டை என்கிற துண்டு. மலையின் மேல்பாதியில் ஒரு நாக்கு மாதிரி நீண்டு கிடக்கும். முந்நூற்றுச் சொச்சம் கொடி, கொடிக்கு ஒரு கம்பு. போக வர இருநூற்றுப் பன்னிரண்டு படி, வேறு பாதை இல்லை. மலை முழுக்க நீலச் சிலேட்டு என்றால் இந்த நாக்கில் மட்டும் சிவப்பு. ஏன் என்று யாருக்கும் தெரியாது. பூமி எப்போதோ ஒரு தரம் புரண்டு படுத்திருக்கும்.

எங்கள் மலையில் கல் நிற்காது. மழை இறக்கும், மனிதன் ஏற்றுவான். வருஷம் முழுக்கச் சரிந்த சில்லுகளைக் குளிர்காலத்தில் அடிவாரத்து ஓடையிலிருந்து அள்ளி, முதுகுக்கூடையில் சுமந்துபோய் மேல்வரிசையில் கொட்ட வேண்டும். அந்தச் சில்லுதான் பகல் வெயிலைப் பிடித்து வைத்துக்கொண்டு ராத்திரி கொடிக்குக் கொடுக்கும். யாருடைய கல் எது என்று ஊருக்கே தெரியும். அடுத்தவனுடையதை ஒரு கூடை அள்ளிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பூசையில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் மழை அப்படிப் பெய்தது. நரித்தொண்டையின் மேல்போர்வை மொத்தமும் ஓடைக்கு வந்துவிட்டது. சும்மா வரவில்லை, ஊரார் நீலத்தோடும் சேற்றோடும் கலந்து வந்தது. சிவப்பைத் தனியே பொறுக்கி எடுக்க வேண்டும். பிறகு இருநூற்றுப் பன்னிரண்டு படி. பிறகு திரும்பி வந்து மறு கூடை. ஒட்டிலி நிலவறைப் படியில் வழுக்கி விழுந்து கால் உடைந்து படுத்திருந்தாள். நான் ஒற்றை ஆள்.

என் பழைய சுரங்கத்துக்கு ஆள் அனுப்பினேன். கூரைக்கு ஆகாத கழிவுச் சிலேட்டு அங்கே மலையாகக் கிடக்கும். ஒரு லாரி நிறைய வந்தது. மலைக்கு மேலே காட்டுப் பாதையில் நிறுத்தி, பலகையால் சறுக்கு ஒன்று அடித்து, அப்படியே கீழே நரித்தொண்டைக்கு இறக்கிவிட்டேன். நாலே நாளில் வேலை முடிந்தது. பளபளவென்று நீலச் சிலேட்டு, ஒரு சாண் கனத்துக்கு. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

வசந்தத்தில் ஒட்டிலி கட்டுப் பிரித்த காலோடு ஏறி வந்தாள்.

"சிவப்பு எங்க?"

"அடியில இருக்கு. இதுவும் சிலேட்டுதானே? புதுசு, கெட்டி. நாலு மழைக்குத் தாங்கும்."

"யாரைக் கேட்டுப் போட்ட?"

"கால உடைச்சுக்கிட்டுப் படுத்தவளை என்னத்தக் கேக்க?"

ஒரு நீலச் சில்லை எடுத்தாள். புரட்டிப் பார்த்தாள். கீழே வைத்தாள். அந்த வாரம் முழுக்க என் சூப்பில் உப்பு இல்லை.

எழுபத்தொன்றில் அரசாங்கம் நிலச்சேர்ப்பு என்று ஆரம்பித்தது. சிதறிக் கிடக்கிற துண்டுகளை எல்லாம் ஒரே குவியலாகச் சேர்ப்பார்கள். ரோடு போடுவார்கள். பிறகு அவரவர் கொடுத்த நிலத்தின் தரத்துக்குப் புள்ளி போட்டு, அதே புள்ளிக்கு வேறு இடத்தில் சேர்த்து ஒரே துண்டாகத் திருப்பிக் கொடுப்பார்கள். மண்ணின் தரம் பார்க்க வெளியூரிலிருந்து மூன்று பேர் வந்து இலையுதிர்காலம் முழுக்க மலையில் நடந்தார்கள். ஜனவரியில் விடுதிக் கூடத்தில் வரைபடம் தொங்கியது.

என் மச்சான் ஆலோயிஸ், ஒட்டிலியின் அண்ணன், ஊர்க் குழுவில் இருந்தவன். கையில் பீர் கோப்பையோடு என் தோளில் அடித்தான்.

"மச்சான், உன் கழுத்துல இருந்து நரித்தொண்டையைக் கழட்டிட்டாங்க. அதுக்குப் பதிலா ஆத்தங்கரையில தட்டையா ஒரு துண்டு. டிராக்டர் ஓட்டலாம். உக்காந்துக்கிட்டே வேலை பாக்கலாம்டா. உக்காந்துக்கிட்டே!"

எனக்கு வயது நாற்பத்து மூன்று. வலது முட்டி படி ஏறும்போது சரளைக்கல் மாதிரி சத்தம் போடும். ஆலோயிஸ் சொன்னது சங்கீதமாகக் கேட்டது. ஒட்டிலி வரைபடத்தின் முன்னால் விரலை வைத்தபடி நின்றிருந்தாள். அந்த இடத்தில் நரித்தொண்டைக்கு மற்ற மலைக்கு அடித்த அதே நீல வர்ணம். மூன்றாம் தரம். தனிக் கோடுகூட இல்லை.

"இது தப்பு," என்றாள்.

"மூணாந்தரம்னா மூணாந்தரம். அதுல என்ன தப்பு?" என்றேன்.

"தரத்தைச் சொல்லல. நிறத்தைச் சொல்றேன். அவங்க வந்து மேலாக்கப் பாத்துட்டு நீலம்னு எழுதிட்டுப் போயிட்டாங்க." என் பக்கம் திரும்பினாள். "யாரு போட்ட நீலம்?"

நான் பீரைக் குடித்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் சண்டை. ஆட்சேபம் எழுதிக் கொடுக்க இரண்டு வாரம்தான் இருந்தது. நரித்தொண்டை வேறு மண் என்று நிரூபித்தால்தான் அதைக் குவியலில் போடாமல் எங்களுக்கே விடச் சொல்லிக் கேட்க முடியும். எனக்கு அதைக் கேட்கவே இஷ்டமில்லை.

"அந்தப் படியில உன்னோட முட்டியா தேயுது? என் முட்டி. அதுல காய்க்கறதும் ரீஸ்லிங் திராட்சை, ஆத்தங்கரையில காய்க்கறதும் ரீஸ்லிங். கல்லு கல்லுதான் ஒட்டிலி."

"நரித்தொண்டை ஒயினை நீ குடிச்சிருக்கியா?"

"பதினாறு வருஷமாக் குடிக்கிறேன்."

"முழுங்கியிருக்க," என்றாள்.

ஞாயிறு பூசை முடிந்து நேராக என்னை நிலவறைக்குக் கூட்டிப் போனாள். நல்ல கோட்டைக்கூடக் கழற்றவிடவில்லை. இரண்டு பீப்பாய். ஒன்று நரித்தொண்டை. மற்றது அதை ஒட்டின துண்டு, அதுவும் எங்களுடையதுதான். நடுவில் ஐந்து எட்டு வைக்கிற தூரம். இரண்டிலும் ஒரே வயசுக் கொடி. ஒரே நாளில் பறித்தோம், ஒரே எந்திரத்தில் பிழிந்தோம், ஒரே சுவரோரம் வைத்தோம். அதெல்லாம் என் கையால் செய்தது, எனக்குத் தெரியும். அவள் குழாய் விட்டு உறிஞ்சி இரண்டு கிண்ணத்தில் பிடித்தாள்.

"முழுங்காத. வாயில வெச்சுக்க."

முதல் கிண்ணம். குளிர்காலத்தில் கிணற்று வாளியில் வாய் வைத்துக் குடித்த மாதிரி இருந்தது. எலுமிச்சைத் தோல். தீட்டின உளியின் விளிம்பு. நேராக உள்ளே போய் நேராக நின்றது. நல்ல ஒயின். ஊரில் எல்லார் வீட்டிலும் இருக்கிற நல்ல ஒயின்.

இரண்டாவதை மூக்கருகே கொண்டுபோனேன். கை நின்றுவிட்டது.

சுரங்கத்தில் நாலாவது தட்டில் ஒரு சிவப்புப் பட்டை ஓடியது. கூரைக்கு ஆகாது, நொறுங்கும். ஆனாலும் அதைத் துளைத்துத்தான் அந்தப் பக்கம் போக வேண்டும். தண்ணீர் விட்டுத் துளைத்தால் சிவப்பாக ஈரப் புழுதி வரும். துருப்பிடித்த இரும்புக் கதவில் மழை விழுந்து, உடனே வெயிலும் அடித்தால் ஒரு வாசம் வருமே, அதுதான். இரண்டு வருஷம் அதை மூக்கிலும் பல்லிலும் வைத்துக்கொண்டு தூங்கினேன். அந்த வாசம் இந்தக் கிண்ணத்துக்குள் இருந்தது. அதுவே முழுசும் இல்லை. காய்ந்த இலை இருந்தது, பழுத்த பீச்சுப் பழத்தின் தோல் இருந்தது. வாயில் அகலமாகப் பரவி, கதகதப்பாக உட்கார்ந்து, கடைசியில் நாக்கின் ஓரத்தில் கொஞ்சம் உப்பு.

ஒட்டிலி என்னைத் திரும்பி நிற்கச் சொன்னாள். கிண்ணங்களை மாற்றினாள். மறுபடி கொடுத்தாள். ஏழு தரம். ஏழு தரமும் சொன்னேன். வாய் வரைக்கும் போகத் தேவையே இருக்கவில்லை.

கல் ஒயினில் கரைகிறது என்று நான் சொல்லவில்லை. கல் சர்க்கரை கிடையாது. படித்தவர்கள் ஈரம் என்பார்கள், சூடு என்பார்கள், அதுவே சரியாக இருக்கும். ஆனால் ஒன்று என்னை உலுக்கிவிட்டது. ஐந்து வருஷமாக அந்த மண்ணின் தலையில் நான் என்னுடைய நீலத்தைக் கொட்டி வைத்திருக்கிறேன். அது என்னைச் சட்டையே செய்யவில்லை.

"எனக்கு இது மட்டும்தான்," என்றாள் ஒட்டிலி, குழாயைத் துடைத்துக்கொண்டே. "மத்த எட்டுத் துண்டு ஒயினும் ஊருல இன்னொருத்தன் செய்வான். இத வேற ஒருத்தரும் செய்ய முடியாது. ஆத்தங்கரைக்குப் போயிட்டா நானும் செய்ய முடியாது."

ஆட்சேபக் கடிதத்தை நான்தான் எழுதினேன். எழுத்து கோணலாகத்தான் வரும், ஆனாலும் எழுதினேன்.

மார்ச்சில் வந்தார்கள். மூன்று மதிப்பீட்டாளர்கள். அவர்களில் தலைவர் தீலன், மெலிந்த ஆள், பக்கத்து நதிக்கரையில் அவருக்கே தோட்டம் உண்டு. கூட ஆலோயிசும் வந்தான். கொடி அழுகிற நேரம் அது. கத்தரித்த நுனிகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. குழி தோண்டி வைக்கும்படி முன்பே எழுதியிருந்தார்கள். முந்தின நாள் இரண்டு வரிசைக்கு நடுவில் நெஞ்சளவு தோண்டியிருந்தேன்.

தீலன் சுற்றிலும் கிடந்த சில்லைக் காலால் தள்ளினார். "நான் போன தடவை பாத்தப்பவும் இது நீலம்தான். இப்பவும் நீலம்தான்."

"அது நான் போட்டது, ஐயா."

"நீங்க போட்டதா?"

சொன்னேன். லாரி, பலகைச் சறுக்கு, நாலு நாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு மதிப்பீட்டாளர் இருமினார். ஆலோயிசுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"கூரைக்காரனுக்குத் தங்கச்சியைக் கட்டிக் குடுத்தோம் ஐயா. தோட்டத்துக்கும் கூரை போட்டுட்டான்!"

காது சூடானது. ஒட்டிலி அவனைப் பார்த்த பார்வையில் அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

தீலன் குழிக்குள் எட்டிப் பார்த்தார். மேலே ஒரு சாண் நீலம். அதற்குக் கீழே சிவப்பு நொறுங்கல், நெஞ்சாழம் வரை.

"சிவப்பு இருக்கு," என்றார். "ஆனா நொறுங்கல். ஒரு லாரி நீலத்தை மேல கொட்டத் தெரிஞ்சவருக்கு நாலு கூடை சிவப்பைக் குழியில கொட்ட எவ்வளவு நேரம் ஆகும்? தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு அசல் பாறையைக் காட்டுங்க."

அவர் கேட்டது நியாயம். நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். கோட்டைக் கழற்றி ஒட்டிலியிடம் கொடுத்துவிட்டு கடப்பாரை, உளி, சுத்தியலோடு இறங்கினேன். அடியை வழித்துச் சுத்தம் செய்தேன். பாறை தட்டுப்பட்டது. சிவப்புதான், ஆற்றுப் பக்கமாகச் சாய்ந்து, ஏடு ஏடாக. விரலால் தடவி வரியைத் தேடினேன். வைத்து அடித்தேன். இரண்டு தட்டு பெயர்ந்தது. கீழே போகப் போக இறுக்கம். என் தலை குழிக்குள் மறைந்துவிட்டது. மேலே ஆலோயிஸ் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான், காதில் விழவில்லை. மூன்றாவது தட்டில் உளியை வைத்து லேசாக மூன்று தரம் தட்டினேன், பிறகு ஒரே ஒரு பலமான அடி. கதவு மாதிரி பிரிந்தது. கடப்பாரையை நுழைத்து நெம்பித் தூக்கி நிறுத்தினேன்.

நடுவில் வேர் இருந்தது.

என் ஆயுளில் எத்தனை லட்சம் ஏடு பிரித்திருப்பேன் என்று கணக்கு இல்லை. இரண்டு ஏட்டுக்கு நடுவில் எதையும் பார்த்தது கிடையாது. அங்கே நடு என்று ஒன்றே இல்லை. ஒரு தலைமயிர் நுழையாது. அந்த இடத்துக்குள் ஒரு திராட்சை வேர் போயிருந்தது. ரிப்பன் மாதிரி தட்டையாக. ஒரு விரல் அகலம், காகித கனம். அதிலிருந்து கிளை பிரிந்து, கிளையிலிருந்து நூல் பிரிந்து, சிவப்புப் பாறையின் முகம் முழுக்க விசிறியாக விரிந்து கிடந்தது. ஈரமாக இருந்தது. உயிரோடு இருந்தது. மேலே நுனியில் சொட்டுகிற தண்ணீர் இங்கிருந்துதான் கிளம்புகிறது. ஒரு ஆள் உயரத்துக்குக் கீழே, நான் உளி இல்லாமல் போக முடியாத இடத்துக்கு, இது உளி இல்லாமல் போயிருக்கிறது. தட்டின் ஓரத்தைப் பார்த்தேன். வேர் அங்கேயும் முடியவில்லை. அடுத்த வெடிப்புக்குள் இறங்கி இன்னும் கீழே போய்க்கொண்டிருந்தது.

தீலன் வழுக்கி வழுக்கி உள்ளே இறங்கினார். நல்ல சப்பாத்து சேறாவதைப் பார்க்கவில்லை. வேரைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். தொடப் போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டார்.

"முப்பது வருஷமா குழி பாக்கறேன்," என்றார் மெதுவாக.

மேலே ஆலோயிஸ், "என்ன மச்சான், பொணம் கிணம் ஏதாவதா?" என்றான். எட்டிப் பார்த்தான். அப்படியே குழியோரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

மேலே ஏறினோம். ஒட்டிலி பேர் ஒட்டாத இரண்டு புட்டியைக் கூடையில் கொண்டுவந்திருந்தாள். மூன்று பேருக்கும் கொடுத்தாள். மாற்றி மாற்றிக் கொடுத்தாள். மூவரும் ஒரு தரம்கூடத் தப்பாகச் சொல்லவில்லை. தீலன் கடைசிக் கிண்ணத்தைத் துப்பாமல் விழுங்கினார்.

"வேற," என்றார். "சத்தியமா வேற." தாளை எடுத்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "ஆனா அம்மா, என் தாள்ல 'ஒசத்தி'க்குக் கட்டம் இருக்கு, 'தாழ்த்தி'க்குக் கட்டம் இருக்கு. 'வேற'க்குக் கட்டம் இல்ல. நிறத்தை மாத்தி எழுதறேன். தரம் அதே மூணுதான்."

"அப்படீன்னா?" என்றாள் ஒட்டிலி.

"இருக்கிற இடத்துலயே இதை வெச்சுக்கலாம். அந்த உரிமை உங்களுக்கு வந்தாச்சு. ஆனா ரோடு இங்க வராது, இழுவை வண்டித் தண்டவாளமும் வராது. இதோட புள்ளிக்கு ஒரு நிலம்தான் குடுக்க முடியும். இதை வெச்சுக்கிட்டா ஆத்தங்கரை கிடையாது. ஆத்தங்கரை வேணும்னா இது கிடையாது. அப்புறம் எங்க காலத்துல யாரும் இந்தக் கணக்கை மறுபடி திறக்க மாட்டாங்க. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்."

ஆலோயிஸ் இந்தத் தடவை சிரிக்காமல் சொன்னான். "மச்சான், முட்டியையும் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடு."

ஒட்டிலி என்னைப் பார்க்கவில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நினைத்தால் கேட்டிருக்கலாம், அழுதிருக்கலாம், நீலத்தைப் போட்டதைச் சொல்லிக் குத்தியிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. கீழே ஆற்றங்கரையில் எனக்கு வர வேண்டிய நிலம் வெயிலில் தட்டையாகத் தெரிந்தது. அழகான நிலம். இன்றைக்கும் அதைக் கெட்ட நிலம் என்று சொல்ல மாட்டேன்.

தீலனின் முதுகில் தாளை வைத்து முதலில் நான் போட்டேன்.

"எனக்காகப் போடாத," என்றாள் ஒட்டிலி. "அப்புறம் ஆயுசு பூரா சொல்லிக் காட்டுவ."

"உனக்காகப் போடல."

"பின்ன?"

"அந்த வேரு எங்க போகுதுன்னு எனக்குத் தெரியல."

அவள் பேனாவை வாங்கினாள்.

அவர்கள் படியிறங்கிப் போனதும் குழியை மூட வேண்டியிருந்தது. வெயில் பட்டால் வேர் காய்ந்துவிடும். கிண்ணம் கழுவக் கொண்டுவந்திருந்த தண்ணீரை ஒட்டிலி மேலேயிருந்து என் தொப்பியில் ஊற்றிக் கொடுத்தாள், பாறை முகத்தைத் துடைத்து நனைத்தேன். பிறகு நிறுத்தி வைத்த தட்டை மெதுவாகச் சாய்த்தேன். கல்லைப் பிரிக்கத்தான் பழகியவன் நான். மூடிப் பழக்கமில்லை. அழுத்தினால் நசுங்கும். தளர விட்டால் காற்றுப் புகுந்து காய்ந்துவிடும். அந்த வேருக்கு அதன் வீட்டில் எவ்வளவு இடம் இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு உள்ளங்கையையும் கல்லில் வைத்துக்கொண்டு, அது தானாக எங்கே உட்காருகிறது என்று பார்த்தபடி நின்றேன்.

"ஆச்சா?" என்றாள் மேலேயிருந்து.

"இரு," என்றேன்.